வீமனின் முதுகில் எவ்வளவு ஏற்றலாம்?

கேள்வி: டொக்டர் அக்காவுக்கு வணக்கம். நான் ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவன், வவுனியாவில் படிக்கிறேன். எங்கள் வீட்டில் வீமன் என்று ஒரு ஊர்நாய் நிற்கிறது. இரண்டு வயது, 18 கிலோ. வருகிற மாசி மாதம் நண்பர்கள் நாலு பேர் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் தொடங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்து, மாமாவின் தோட்டக் காணியில் ஒரு இரவு தங்கி, மறுநாள் திரும்ப யோசித்திருக்கிறோம். கனடாவில் இருக்கும் மச்சான் நாயின் முதுகில் கட்டுகிற பை ஒன்று அனுப்பியிருக்கிறார். இரண்டு பக்கமும் பொக்கற் தொங்குகிறது. நாயின் எடையில் கால்வாசி வரை சுமக்கலாம் என்று அதோடு வந்த தாளில் இருக்கிறது. போன கிழமை இரண்டு தண்ணீர்ப் போத்தலும் அவனுடைய சாப்பாடும் வைத்துக் கட்டி, வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்னங்காலுக்குப் பின்னால் மயிர் தேய்ந்து சிவந்திருக்கிறது. எவ்வளவு பாரம் ஏற்றலாம், எப்படி அடுக்குவது, எதை வைப்பது என்று சொல்லுங்கள். வீட்டில் எட்டு மாதக் குட்டியும் ஒன்று நிற்கிறது. அதற்கு அம்மா சின்னப் பை ஒன்று தைத்து வைத்திருக்கிறார். அதையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: தம்பி, பையைப் பற்றிக் கதைக்க முன்னர் அந்தச் சிவந்த இடத்தைப் பார்ப்போம். அது ஆறும்வரை வீமனுக்குப் பை கட்ட வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, காற்றுப்பட விடுங்கள். மனிதர் நோவுக்குப் பூசுகிற தைலம் எதையும் பூச வேண்டாம், நக்கிவிடுவான். தோல் பழைய நிறத்துக்கு வந்து, தொட்டால் காலை இழுக்காமல் நின்றான் என்றால் பிறகு தொடங்கலாம். இரண்டு மூன்று நாளில் நீர் கசிந்தாலோ, அவன் அந்த இடத்தையே நக்கிக்கொண்டு கிடந்தாலோ, பக்கத்து மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

மயிர் தேய்ந்த அந்த இடம் நாயின் கமக்கட்டு. அங்கே தோல் மெல்லியது, மயிரும் குறைவு. ஒவ்வொரு எட்டுக்கும் கால் முன்னும் பின்னும் போய்வரும்போது தோல் மடிந்து விரியும். வயிற்றுப் பட்டி அதற்குள் போய்க் கிடந்தால் நடக்கிற நேரமெல்லாம் அது அறுத்துக்கொண்டே இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் இரணைமடுப் பக்கத்தில் இருந்து ஒரு நாயை என்னிடம் கொண்டுவந்தார்கள். நல்ல திடமான நாய். நொண்டவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. காலைத் தூக்கி மயிரை விலக்கிப் பார்த்தேன். பட்டி போன வழியில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. தோல் உரிந்து, அதற்குள் குளத்து மணல் பொடிப்பொடியாக ஒட்டிக் கிடந்தது. பையோடு குளத்தில் இறங்கி நனைந்திருக்கிறது. ஈரப் பட்டியில் மணல் ஏறிவிட்டது. அப்படியே இன்னும் இரண்டு மணித்தியாலம் நடந்திருக்கிறது. மணலை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்கும்போது அது என் கையை நக்கிக்கொண்டு நின்றது. கூட்டிவந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு சத்தமும் போடவில்லையே அக்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சத்தம் போடாது தம்பி. நீங்கள் நடக்கிற வரைக்கும் ஊர்நாய் கூடவே நடக்கும். அதனால்தான் பாரத்தை நிறுப்பதும், பட்டியைப் பார்ப்பதும், போதும் என்று நிறுத்துவதும் உங்கள் வேலையாகிறது.

இனிப் பாரத்துக்கு வருவோம். கால்வாசி என்றால் வீமனுக்கு நாலரைக் கிலோ. அது குளிர் தேசத்தில், மாதக்கணக்காகப் பழக்கி எடுத்த, உடல் கட்டான நாய்க்குச் சொல்கிற உச்ச அளவு. வன்னி வெயிலில், முதல் தரம் பை கட்டுகிற நாய்க்கு அந்தக் கணக்கை எடுக்கக் கூடாது. பத்தில் ஒரு பங்கோடு நில்லுங்கள். வீமனுக்கு அது 1 கிலோ 800 கிராம், வெறும் பையின் எடையும் அதற்குள்தான் சேரும். பலரும் விடுகிற பிழை இதில்தான்: உள்ளே வைப்பதை மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். உங்கள் பை 600 கிராம் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 1 கிலோ 200 கிராம், ஒரு பக்கத்துக்கு 600 கிராம். போன கிழமை வைத்தவை ஒன்றரை லீற்றர் போத்தல்கள் என்றால், தண்ணீர் மட்டுமே மூன்று கிலோ. அவன் எவ்வளவு சுமந்திருக்கிறான் என்று நீங்களே பாருங்கள். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பழகி, மூச்சு வாங்காமல் நடக்கிற நாய்க்கு, காலைக் குளிரில் 15 வீதம் வரை போகலாம். வீமனுக்கு அது 2 கிலோ 700 கிராம். எங்கள் பக்கத்து வெக்கைக்கு அதற்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை.

அந்த 18 கிலோ நிறுத்துப் பார்த்ததா, கண்மதிப்பா? வீட்டில் மனிதர் ஏறி நிற்கிற தராசு இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் அவன் எடை. விலா எலும்பையும் தடவிப் பாருங்கள். மெல்ல அழுத்தினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும். கொழுப்பு மூடிய நாய் ஏற்கெனவே தன் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறது. அதற்கு எடை குறைகிற வரை பை வேண்டாம்.

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். அதனால் ஏற்றி முடித்ததும் நுகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்கள். நாய்க்கும் பின்பாரம் ஆகாது. நாய் நிற்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய 60 வீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. முதுகின் முன்பகுதிக்கு விலா எலும்புகள் கூடை மாதிரிச் சுற்றி நின்று தாங்கும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முள்ளந்தண்டும் தசையும் மட்டும்தான், கீழே முட்டுக் கிடையாது. பை அங்கே போய் அழுத்தினால் இடுப்பு நோகும். வயது போகப் போக முள்ளந்தண்டுத் தட்டு நழுவிப் பின்னங்கால் இழுபடுகிற நாய்களை நான் பார்க்கிறேன். அந்த இடத்துக்கு வீணாகப் பாரம் கொடுக்கக் கூடாது.

எனவே பையின் முன் விளிம்பு, தோள் எலும்பு இரண்டும் மேலே சந்திக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் தொடங்க வேண்டும். மாட்டுக்குத் திமில் இருக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின் விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. கையால் தடவினால் அந்த எலும்பு தெரியும், அந்த இடத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பையை வைத்துப் பாருங்கள். கழுத்துக்கு முன்னால் வருகிற பட்டி நெஞ்செலும்பில் இருக்க வேண்டும், தொண்டையில் ஏறக் கூடாது. வயிற்றுப் பட்டி முன்னங்கால் மூட்டில் இருந்து நாலு விரல் பின்னால் போக வேண்டும். உங்கள் பையில் அது கமக்கட்டுக்குள் போயிருக்கிறது, அதுதான் புண்ணின் காரணம். எல்லாப் பட்டிக்குள்ளும் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் பை ஆடும், ஒரு விரல்தான் நுழையும் என்றால் மூச்சு முட்டும். கட்டுகிற நேரத்தில் நாய் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும். அதனால் பத்தடி நடத்திவிட்டுத் திரும்பவும் விரலை விட்டுப் பாருங்கள்.

அடியில் துணி மடித்து வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். துணி நகர்ந்து சுருண்டு, அந்தச் சுருளே புண்ணாக்கும். பையின் உட்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் மெல்லிய பருத்தித் துணியைச் சுருக்கம் இல்லாமல் தைத்துவிடுங்கள்.

சரி, பை ஏன் சரிந்தது? தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் சைக்கிள் கரியரின் இரண்டு பக்கமும் கான் கொழுவித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு கானை நிறைத்துவிட்டு மற்றதை நிறைக்க முன்னர் சைக்கிளை விட்டால் சைக்கிள் நிலத்தில் கிடக்கும். 1996இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம் பக்கம் போனபோது அப்பா ஒரே சைக்கிளில் எங்கள் வீட்டையே கட்டியிருந்தார். கரியரின் ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறு பக்கம் சட்டி பானை. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே பருமன். ஆனால் சைக்கிள் அரிசிப் பக்கமே இழுத்தது. அம்மிக் குழவியைச் சட்டிப் பக்கம் சேர்த்துக் கட்டிய பிறகுதான் நிமிர்ந்தது. வழியில் சமைக்க அரிசி எடுக்கிற ஒவ்வொரு தரமும் குழவியை அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டுவார். எட்டு வயதில் அது எனக்கு வீண் வேலையாகத் தெரிந்தது. இன்று பை கட்டிய நாயைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழவிதான் நினைவுக்கு வருகிறது.

எனவே கண்ணை நம்ப வேண்டாம். மீன் நிறுக்கிற கொழுக்கித் தராசு ஒன்று எடுங்கள், பயணப் பெட்டி தூக்கி நிறுக்கிற சின்னத் தராசும் சரி. பொக்கற்றுகள் கழற்றக்கூடியவை என்றால் ஒவ்வொன்றாகக் கொழுவி நிறுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் வைக்கப் போகிறவற்றை இரண்டு சொப்பிங் பையில் போட்டு நிறுத்துவிட்டு மாற்றுங்கள். வித்தியாசம் 20, 30 கிராமுக்கு மேல் போக விடாதீர்கள். வீமன் அளவு நாய்க்கு நூறு கிராம் கூடினாலே பை மெல்ல மெல்ல இறங்கும்.

எடை சமமாக இருந்தும் சரியும். ஒரு பக்கம் போத்தல், மறு பக்கம் அதே எடைக்குச் சாப்பாடு என்று வைத்தால், போத்தலின் பாரம் ஓரிடத்தில் குவிந்து நிற்கும், சாப்பாடு பரந்து கிடக்கும். அதனால் எதையும் சோடியாக வையுங்கள். போத்தலுக்கு எதிரே அதே போத்தல். பாரமானது பொக்கற்றின் முன் மூலையில், அடியில், உடலோடு ஒட்டி இருக்க வேண்டும். இலேசானது மேலேயும் பின்னாலேயும் போகட்டும். வெளிப்பக்கம் புடைக்க அடைக்க வேண்டாம். தன் அகலம் கூடிவிட்டது என்று நாய்க்குத் தெரியாது. பற்றைக்குள் பழைய உடம்பை நினைத்துக்கொண்டு நுழையும், பை சூரை முள்ளில் மாட்டும். பொக்கற் கால் மூட்டுக்குக் கீழே தொங்கவும் கூடாது, நடக்க நடக்க இடிக்கும்.

அடுத்த முறை சரிந்தால் இதைச் செய்து பாருங்கள். இடது பொக்கற்றில் இருப்பதை வலதுக்கும், வலதில் இருப்பதை இடதுக்கும் மாற்றி நடத்துங்கள். சரிவும் பக்கம் மாறினால் பிழை பாரத்தில். மாறாமல் அதே பக்கம் சரிந்தால் பட்டிகளின் நீளத்தை அளந்து பாருங்கள். பட்டியும் சமம், பாரமும் சமம், ஆனாலும் ஒரே பக்கம் சரிகிறது என்றால் பையைக் கழற்றி வைத்துவிட்டு வீமனைப் பாருங்கள். ஒரு காலில் நோவிருக்கும் நாய் மற்றப் பக்கமாகச் சாய்ந்து நடக்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது, பைதான் காட்டிக்கொடுக்கும். அப்படி என்றால் நடைக்குப் போக முன்னர் ஒரு வைத்தியரிடம் இடுப்பையும் மூட்டுகளையும் காட்டுங்கள்.

என்ன வைப்பது என்பது சின்ன விடயம், ஏனென்றால் 600 கிராமுக்குள் அதிகம் வைக்க முடியாது. ஒவ்வொரு பக்கமும் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று. மிச்சம் இருக்கிற எடைக்கு ஒரு பக்கம் மடிக்கிற றப்பர்க் கிண்ணம், மறு பக்கம் காயத்துக்குச் சுற்றுகிற துணிச் சுருளும் முள் எடுக்கிற சாவணமும். அவ்வளவுதான். அவனுடைய சாப்பாடு உங்கள் பையில் வரட்டும். மென்மையான போத்தலாக எடுத்து, மூட முன்னர் கொஞ்சம் நசித்துக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். தண்ணீர் குலுங்காது. அரைவாசிப் போத்தல் ஒவ்வொரு எட்டுக்கும் குலுங்கி அவனைத் தள்ளாட வைக்கும், சத்தம் கேட்டு மிரளவும் செய்வான். கண்ணாடி, தீப்பெட்டி, நுளம்புத்திரி, உங்கள் கைபேசி, மருந்து எதையும் அவன் பையில் வைக்க வேண்டாம். மான் ஒன்றைக் கண்டு அவன் பாய்ந்தால் எல்லாமே காட்டுக்குள் போய்விடும். முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), சொக்லேற், வெங்காயம் சேர்ந்த சாப்பாடு நாய்க்கு நஞ்சு, பக்கத்துப் பொக்கற்றில் மணத்துக்கொண்டு இருந்தால் கிழித்துத் தின்னும்.

முதலில் உங்கள் பையில் இருக்கும் தண்ணீரைக் கொடுங்கள். அதுவரை அவன் போத்தல் இரண்டும் திறக்காமல் சமமாக இருக்கும். பாதித் தூரம் தாண்டியதும் இரண்டையும் ஒன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஊற்றிக் கொடுங்கள். களைக்கிற நேரத்தில் பாரமும் குறையும், இரண்டு பக்கமும் ஒன்றாகக் குறையும். சும்மா இருக்கிற நாளிலேயே வீமனுக்கு ஒரு லீற்றர் அளவு தண்ணீர் வேண்டும். நடக்கிற நாளில் இரண்டு லீற்றருக்குக் குறையாமல் யோசியுங்கள். வயல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள், எலிக்காய்ச்சல் கிருமியும் அதில் இருக்கும்.

பழக்குவதற்கு மாசி வரை நேரம் இருக்கிறது. புண் ஆறியதும் ஒரு கிழமை வெறும் பை, வீட்டு வளவுக்குள், பத்து நிமிடம். பிறகு கசக்கிய பத்திரிகைத் தாளை இரண்டு பக்கமும் அடைத்து, அகலத்துக்குப் பழகட்டும். மூன்றாம் கிழமை பாதிப் பாரம், அரை மணித்தியாலம். அதன் பிறகுதான் முழுப் பாரம், முதலில் தார் இல்லாத மண் பாதையில். அவசரப்பட்டால் பையைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிகிற நாய்தான் மிஞ்சும். கட்டும்போது ஒரு துண்டு மீன் கொடுங்கள், மற்ற நேரத்தில் அதைக் கொடுக்க வேண்டாம்.

நடை நாளில் சூரியன் கிளம்ப முன்னர் புறப்பட்டு ஒன்பதரைக்குள் நிழலுக்குப் போய்விடுங்கள், மிச்சத்தை நாலு மணிக்குப் பிறகு நடக்கலாம். மாசியில் காலை பனியாக இருக்கும், பத்து மணிக்கு மேல் கிறவல் பாதை கொதிக்கும். புறங்கையை நிலத்தில் ஏழு செக்கன் வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அவன் பாதத்துக்கும் முடியாது. வயிறு முட்டக் கொடுத்துவிட்டு உடனே நடத்த வேண்டாம், இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள்.

புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் ஒருமுறை நில்லுங்கள். பின்னால் நின்று மேலிருந்து பாருங்கள். பையின் நடுத் தையல் முள்ளந்தண்டுக்கு நேரே இருக்கிறதா? அதன் பிறகு முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை பையை முழுவதும் கழற்றி, கையை விரித்துக் கமக்கட்டிலும் நெஞ்சிலும் முதுகிலும் தடவுங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அது நாளைய புண். அவன் திரும்பித் திரும்பிப் பையைப் பார்த்தால், அடிக்கடி உடம்பை உதறினால், எட்டைக் குறுக்கினால், பின்னங்கால் நகம் நிலத்தில் உரசுகிற சத்தம் கேட்டால், பை உங்கள் தோளுக்கு வர வேண்டிய நேரம். நாலு பேர் போகிறீர்கள், 1 கிலோ 800 கிராம் உங்களுக்கு ஒரு பாரமா?

வெக்கைதான் எனக்குப் பெரிய பயம். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், பையோ முதுகையும் விலாவையும் மூடிக்கொண்டிருக்கும். நாயின் உடல் வெப்பம் வழமையாகவே 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41க்குப் போனால் உயிராபத்து. நாக்கு அகன்று நுனி சுருண்டு, எச்சில் கயிறாகத் திரண்டு, பல் முரசு செங்கல் நிறமாகி, கால் தள்ளாடினால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். பையைக் கழற்றி நிழலில் விட்டு, இருக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் வயிறு, தொடை இடுக்கு, கமக்கட்டு என்று உடம்பெல்லாம் ஊற்றி, சேட்டைக் கழற்றி விசிறுங்கள். ஈரத் துணியால் மூடி வைக்க வேண்டாம், சூடு உள்ளே நிற்கும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், தானாக நக்கினால் கொடுங்கள். பிறகு ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ கிடைத்ததில் ஏற்றி வைத்தியரிடம் போங்கள். தெளிந்துவிட்டான் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம், சிறுநீரகம் பழுதாவது அடுத்த நாட்களில்தான் தெரியும்.

அப்புறம், வீமனைக் கயிற்றை விட்டு அவிழ்க்கவே வேண்டாம். இதை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மாசி என்றால் காலபோக நெல்லின் அருவி வெட்டு, அதாவது அறுவடைக் காலம். பன்றிக்கென்று வயலோரத்தில் கம்பிச் சுருக்கும், கம்பியில் தட்டினால் வெடிக்கிற கட்டுத்துவக்கும், இரைக்குள் ஒளித்த வெடியும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாய் சிதறிய நாய்களைத் தைத்திருக்கிறேன். சிலவற்றைத் தைக்க முடியவில்லை. யானையையோ கரடியையோ கண்டு குரைத்துவிட்டு நாய் ஓடிவருவது உங்களிடம்தான், பின்னால் அதுவும் வரும். குளத்தில் முதலை இருக்கிறது, கரையில் இறக்கிக் குளிப்பாட்ட வேண்டாம், தண்ணீரை மேலே அள்ளிவந்து ஊற்றுங்கள். கண்ணிவெடி இருக்கிறது என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையின் அர்த்தம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, நாய்க்கு அது வாசிக்கத் தெரியாது. சனம் நடக்கிற பாதையை விட்டு இறங்காமல் போங்கள். கயிற்றைப் பையின் கைபிடியில் கட்டாமல் கழுத்துப் பட்டியில் கட்டுங்கள், இழுத்தால் பை சரியும்.

பாம்பு கடித்தால், புடையனோ நாகமோ, வெட்டவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவனை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். போக முன்னரே ஒட்டுசுட்டானிலும் முல்லைத்தீவிலும் எந்த வைத்தியர் எந்த நேரம் இருப்பார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஒரு வருடம் தாண்டியிருந்தால் இப்போதே போடுங்கள்.

இரவு தங்கும் இடத்தில் பையைக் கழற்றி, பட்டிகளை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போடுங்கள். காலையில் ஈரமாகவே இருந்தால் அன்று அவன் சும்மா நடக்கட்டும். வீமனை உங்கள் பக்கத்திலேயே கட்டிப் படுக்க வையுங்கள், சிறுத்தை நடமாடும் காடு. காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி, பட்டி கிடந்த தடம் எல்லாம் உண்ணி பாருங்கள். வீடு திரும்பி இரண்டு மூன்று கிழமைக்குள் சோர்ந்து படுத்து, முரசு வெளிறி, சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தம் சோதிக்க வேண்டும்.

குட்டியை இந்த முறை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நீள எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மெல்லிய பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். ஒரு வயது தாண்டும்வரை அது முழுதாக இறுகாது, பாரமும் நீண்ட நடையும் அதை நசித்தால் கால் வளைந்து வளரும். ஒன்றரை வயதுக்கு முன் நான் எந்த நாய்க்கும் பாரம் ஏற்ற விடுவதில்லை. இரண்டு நாள் நடையும் இந்த வயதுக்குக் கூடாது. அம்மா தைத்த பையை வெறுமையாகக் கட்டி முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓடி விளையாட விடலாம், பட்டிகளைக் கூட்டிக் குறைக்க வளையம் வைத்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள். இந்த மாசி கழிந்து அடுத்து வருகிற மாசிக்குள் குட்டிக்கு ஒன்றரை வயது தாண்டிவிடும். அதற்குள் நெஞ்சும் அகன்றிருக்கும், அம்மா பட்டியை இன்னொரு சாண் கூட்ட வேண்டி வரும்.